மேஸ்திரி ‘ஆகு’ என்றார்

பாப்பா,

மாடியில் இருக்கிற மகளுக்குக் கீழே உட்கார்ந்து கடிதம் எழுதுகிற அப்பன் இந்தக் கவரைப்பேட்டையிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். படியேறி வந்து பேசினால் முடிகிற காரியம். ஏறியும் பார்த்தேன். கதவு பாதி திறந்திருந்தது. நீ போனிலிருந்து தலையைத் தூக்காமல் “இன்னா நைனா?” என்றாய். “ஒண்ணுமில்ல கண்ணு, கொடியில துணி காஞ்சிடுச்சான்னு பாக்க வந்தேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். கொடியில் துணியே இல்லை என்பது உனக்கும் தெரியும். எதிரெதிரே உட்கார்ந்தால் நான் ஏதாவது ஜோக் அடித்துவிடுவேன், நீ சிரித்துத் தொலைத்துவிடுவாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். உன் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. “மேல கீறா, கூப்ட்டு பேசுவியா, ஊட்டுக்குள்ளயே தபால் போட்டுக்கினு கீற. ஸ்டாம்பு யார் ஒட்டறது?” என்று கேட்டுவிட்டு, இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை காலையில் உன் கம்பெனி பஸ் மெயின் ரோட்டுக்கு வரும். ஏறினால் அதே ஷெட், அதே லைன், ஆனால் சூப்பர்வைசராக இல்லை, பழையபடி அளவு பார்க்கிற சாதாரண இன்ஸ்பெக்டராக. ஏறாவிட்டால் வேலையை விட்டுவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். ராஜினாமாவைப் போனிலேயே அடித்து வைத்திருக்கிறாய் என்றும், திருவள்ளூரில் அத்தை வீட்டில் தங்கி மாமாவின் ஜெராக்ஸ் கடையைப் பார்த்துக்கொள்ளப் போகிறாய் என்றும் அம்மா சொன்னாள். ஜெராக்ஸ் கடை ஒன்றும் கேவலமில்லை. உன் மாமா நிழலில் உட்கார்ந்தே தொப்பை வளர்த்தவர், பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். ஆனால் நீ ஜெராக்ஸ் கடையைத் தேடிப் போகவில்லை பாப்பா. ‘கல்’ என்ற வார்த்தை காதில் விழாத ஊரைத் தேடிப் போகிறாய். அது எனக்குத் தெரிகிறது. ஏனென்றால் அந்த மாதிரி ஊரைத் தேடி உனக்கு முன்னால் நான் ஒருமுறை கிளம்பியிருக்கிறேன்.

நடந்ததை நீ ஒரே ஒருமுறை, அழுதுகொண்டே சொன்னாய். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். லைனில் இருப்பவர்கள் பாதிப்பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். அவர்களோடு பேசிப் பேசியே நீ இந்தி கற்றுக்கொண்டாய். அதில் உனக்கு ஒரு பெருமையும் இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அடுக்கு பம்ப் மூடி இருந்தது. ஒன்று, முந்தின நாள் அளவு சரியில்லை என்று நீயே ஒதுக்கி வைத்தது. இன்னொன்று, மறுநாள் அனுப்ப வேண்டியது. ஷிப்டு முடிகிற அவசரத்தில் “கல் வாலா மால் லோட் கரோ” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவந்துவிட்டாய். நாளைக்கான சரக்கை ஏற்று என்பது உன் நினைப்பு. அந்த மொழியில் நேற்றும் ‘கல்’தான், நாளையும் ‘கல்’தான் என்பது அந்த நேரத்தில் உனக்கு நினைவில் இல்லை. அவர்கள் நேற்றுச் சரக்கை ஒழுங்காக ஏற்றி, கயிறு கட்டி, கண்ணும் கருத்துமாக அனுப்பிவிட்டார்கள். போன இடத்தில் ஒரு மூடியும் பொருந்தவில்லை. லாரி அப்படியே திரும்பி வந்தது.

பதவி போனதைக்கூடத் தாங்கிக்கொண்டாய். அடுத்த நாள் கேண்டீனில் எவனோ ஒருத்தன் “இன்னா கல் மேடம், நேத்து வருவீங்களா, நாளைக்கு வந்தீங்களா?” என்று கேட்டானே, அதற்கு அத்தனை பேரும் சிரித்தார்களே, அன்றைக்கு ஏறிய மாடிதான், இன்னும் நீ இறங்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே, நீ அதைச் சொன்னபோது நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். கிண்டல் நன்றாக இருந்தது, என்ன செய்வது. ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அந்தச் சிரிப்புச் சத்தத்தை நான் வேறொரு ஷெட்டில் கேட்டிருக்கிறேன்.

என்னை ஃபேக்டரியில் எல்லோரும் ‘ஆகு’ என்று கூப்பிட்டது உனக்குத் தெரியும். ஒரு ஆயுத பூஜைக்கு உன்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்து கும்மிடிப்பூண்டிக்குக் கூட்டிப்போனேன். கிரேனுக்கு வாழைக்கன்று கட்டி, கொக்கிக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தோம். நீ பொரியைக் கொட்டிக் கொட்டித் தின்றுகொண்டே, “நைனா, அல்லாரும் ஏன் உன்ன ஆகுன்னு கூப்புட்றாங்கோ?” என்று கேட்டாய். நான் கொஞ்சமும் யோசிக்காமல், “நான் ஆகும்னு சொன்னா எந்த வேலையும் ஆயிடும், அதான்” என்றேன். நீ அதைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி, டீச்சர் என்னைப் பார்த்தபோது “நீங்கதான் அந்த ஆகுங்களா?” என்று மரியாதையாகக் கேட்டார். பெரியவளான பிறகு உனக்குப் பாதிக் கதை சொன்னேன், சிரிக்கிற பாதியை மட்டும். இப்போது முழுசாகச் சொல்கிறேன்.

எனக்குக் கல்யாணமான புதிது. நான் வள்ளூர்ப் பக்கத்து ஆள். வயல் வேலைக்குப் போகிற குடும்பத்தில் பத்தாவதை இரண்டு தவணையில் முடித்த முதல் படிப்பாளி. சிப்காட்டில் இரும்பு வார்க்கிற ஒரு ஃபவுண்டரியில் கிரேனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஷெட்டில் பாதிப்பேர் ஆந்திர எல்லையில் இருக்கிற தடா பக்கத்துத் தெலுங்கர்கள். நேர்முகத்தில் உட்கார்ந்திருந்தவர் “தெலுகு வச்சா?” என்றார். தெலுங்கு தெரியுமா என்று கேட்கிறார். எனக்கோ, ஏதோ ஒன்றை வைத்திருக்கிறாயா என்று கேட்பதுபோலப் பட்டது. சான்றிதழாக்கும் என்று நினைத்து, “வச்சி...ருக்கேன் சார்!” என்றேன். அவர் காதில் ‘வச்சு’ என்று விழுந்திருக்கிறது. தெரியும் என்று அர்த்தமாம். உடனே எடுத்துக்கொண்டார். விஷயம் புரிந்த பிறகாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்பாவை நைனா என்றுதானே கூப்பிடுகிறோம், டப்பு என்றால் காசு என்று தெரியும், மீதியை எட்டிப் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மணலை இறுக்கி அச்சு செய்வார்கள். அதன்மேல் இன்னொரு அச்சைக் கவிழ்த்து மூடி, உள்ளே உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். மேல் அச்சைத் தூக்கி இடம் பார்த்து இறக்குவது கிரேன் வேலை. கிரேனிலிருந்து தொங்குகிற பட்டன் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு மேஸ்திரியின் வாயைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மேஸ்திரி தடாக்காரர். நல்ல தமிழ் பேசுவார். ஆனால் பதறினால் யாருக்கும் தாய்மொழிதானே வரும்? அன்றைக்கு முடிந்த அச்சுகள் வரிசையாக இருந்தன, உலையில் இரும்பு தயார். நான் தூக்கிவந்த மேல் அச்சுப் பெட்டி இடம் தவறி, அந்த வரிசைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி கையை உதறிக்கொண்டு “ஆகு! ஆகு!” என்று கத்தினார்.

தெலுங்கில் ‘ஆகு’ என்றால் நில். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஆகட்டும் என்கிறார், பாவம், மனுஷனுக்குத் தமிழ் முழுசாக வரவில்லை, ‘ஆகு’ என்று பாதியிலேயே விட்டுவிடுகிறார் என்று நினைத்தேன். இறக்கினேன். அவர் இன்னும் சத்தமாக “ஆகு ரா! ஆகு!” என்றார். ரொம்ப அவசரம்போல என்று இன்னும் வேகமாக இறக்கினேன். அத்தனை அச்சும் அப்பளம். கீழே நின்ற ஒருத்தர் குதித்துத் தப்பினார், அவருடைய செருப்பு மட்டும் மணலுக்குள் போய்விட்டது. ஊற்ற இடமில்லாமல் உருகின இரும்பைக் குழியில் கொட்டினார்கள். ஒரு ஷிப்டில் அத்தனை பேர் முட்டி போட்டுச் செய்த வேலை. மேஸ்திரி தலையில் கைவைத்து உட்கார்ந்து, “ஆகு அண்டே ஆகாலி கதரா!” என்றார். ஆகு என்றால் நிற்க வேண்டுமல்லவா என்கிறார். அதையும் நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும். இதற்கு அம்மா எத்தனையோ முறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாள். இனிமேல்தான் நான் சொல்லாமல் விட்டது. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டபோது நான், “மேஸ்திரிக்குத் தமிழ் சரியா வராது சார்” என்றேன். நீ உன் மேனேஜரிடம் என்ன சொன்னாய்? லோடு ஏற்றினவர்கள்மேல் தப்பைப் போடலாம் என்று அவர் ஒரு வழியைத் திறந்து வைத்தும், “அவங்க நான் சொன்னதத்தான் சார் செஞ்சாங்க” என்றாய். அதை நீ அழுகைக்கு நடுவில், பெரிதாக நினைக்காமல் சொல்லிவிட்டுப் போனாய். நான் அன்றையிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு இடத்தில் நீ என்னைவிட வெகுதூரம் முன்னால் நிற்கிறாய்.

என்னைக் கிரேனிலிருந்து இறக்கி, உடைந்த அச்சுகளைக் கொத்தி மண்ணைச் சலிக்கிற வேலையில் போட்டார்கள். சலித்த அந்தப் பழைய மண்ணில்தான் கொஞ்சம் புது மண்ணைச் சேர்த்துத் திரும்ப அச்சு செய்வார்கள். இதில் வாழ்க்கைத் தத்துவம் ஏதாவது வரும் என்று எதிர்பார்க்காதே. அந்த மண்ணிலிருந்து எனக்கு வந்தது தும்மல்தான். தும்மலைவிட மோசம் டீக்கடை. “இன்னா ஆகு, டீ ஆவட்டுமா, நிக்கட்டுமா?” என்று கேட்பார்கள். கடைக்காரர்கூடக் கிளாஸை நீட்டுவதும் பின்னால் இழுப்பதுமாக விளையாடுவார். நானும் சிரித்துக்கொண்டே குடிப்பேன். பாதியைக் கீழே ஊற்றிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு மணி அடித்ததும், யாரிடமும் சொல்லாமல் கேட்டைத் தாண்டி நடந்தேன். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தேன். பட்டணத்துக்குப் போய், என் பெயர் மட்டும் தெரிந்த, ‘ஆகு’ தெரியாத ஒரு இடத்தில் மூட்டை தூக்கினாலும் சரி என்று முடிவு பண்ணியாகிவிட்டது.

வண்டி வருகிற நேரத்தில் நினைவு வந்தது. டிபன் கேரியரை ஷெட்டிலேயே வைத்துவிட்டேன். உன் அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்த புதுக் கேரியர். வேலை போய்விட்டது என்றுகூட வீட்டில் சொல்லிவிடலாம். கேரியர் போய்விட்டது என்று உன் அம்மாவிடம் யாரால் சொல்ல முடியும்? வண்டியை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன். மனவுறுதியால் திரும்பினேன், வைராக்கியத்தால் திரும்பினேன் என்றெல்லாம் எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. கேரியருக்காகத்தான் திரும்பினேன். (இதைப் படித்ததும் பின்னால் நிற்கிற உன் அம்மா, “அப்போ அந்த கேரியருதான்யா ஊட்டக் காப்பாத்துச்சு” என்கிறாள். மறுக்க முடியவில்லை.)

நான் போய்ச் சேர்ந்தபோது ஷிப்டு முடிந்துவிட்டிருந்தது, ஷெட்டில் ஒருவரும் இல்லை. மேஸ்திரி மட்டும் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் என் கேரியர், திறந்து கிடந்தது. கருவாட்டுக் குழம்பில் பாதி காலி. என்னைப் பார்த்ததும் திருடன் மாதிரி விழித்தார். “நீ ஓடிப்போயிட்டன்னு வாச்மேன் சொன்னான்ரா. கொழம்பு வீணா ஆகும்னு...” என்றார். ‘ஆகும்’ என்ற அந்த வார்த்தையில் அவர் வாய் அப்படியே நின்றுவிட்டது. நான்தான் கேட்டேன்: “இப்ப நீ சொன்னது தமிழ் ஆகுவா, தெலுங்கு ஆகுவா மேஸ்திரி?”

மனுஷன் சிரித்தார் பார், கருவாட்டு முள் தொண்டையில் சிக்கி நான் முதுகில் தட்ட வேண்டியதாகிவிட்டது. நானும் உட்கார்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு டீக்கடைச் சிரிப்பு இல்லை. பிறகு யோசித்தபோதுதான் தெரிந்தது, அந்த ஃபேக்டரிக்குள் காலடி வைத்ததிலிருந்து எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரியாது என்று நான் வாயைத் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. “மேனேஜர்கிட்ட உன் தமிழக் கொற சொல்லிட்டேன் மேஸ்திரி” என்றேன். “தெலுசு ரா” என்றார். அது எனக்கே புரிந்தது, தெரியும் என்கிறார். “நீ ஆகட்டும்னு நினைச்சிட்டன்னு எனக்கு அப்பவே தோணுச்சு. தமிழ் தெரிஞ்ச நான் நில்லுன்னு கத்தியிருக்கலாம் இல்ல? எனக்கும் வாய்ல வரல” என்றார். மீதிக் குழம்பை நான் தின்றேன்.

அதற்கப்புறம் மத்தியானச் சாப்பாட்டில் எனக்குத் தெலுங்குப் பாடம். குழம்புதான் ஃபீஸ். மண் சலித்துக்கொண்டே இருந்தேன். கிண்டல் நின்றதா என்றால், இல்லை. ஆனால் யாராவது “ஆகு” என்று கூப்பிட்டால் “எந்த பாஷைல கூப்புட்ற, சொல்லிட்டுக் கூப்புடு” என்று நானே கேட்க ஆரம்பித்தேன். கேட்கக் கேட்க அவர்களுக்கே சலித்துப்போய், பெயர் மட்டும் மிஞ்சியது. மறுபடி கிரேனைத் தொடவிட்டபோது நானும் மேஸ்திரியும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். நிறுத்த வேண்டுமென்றால் அவர் முஷ்டியை மடக்கி உயர்த்துவார், கூடவே ‘ஆகு’ என்பார். நான் பட்டனை விட்டுவிட்டு, ‘ஆகு’ என்று திருப்பிச் சொல்வேன். திருப்பிச் சொல்லாமல் எதையும் தொடக்கூடாது. மெதுவாக அது ஷெட் முழுக்கப் பரவியது. யாரும் உத்தரவு போடவில்லை. அந்தச் செருப்பு போனவர்தான் முதலில் பிடித்துக்கொண்டார், அவருக்குத்தான் அக்கறை அதிகம்.

மேஸ்திரி ரிட்டயர் ஆகிப் போனார். தெலுங்கர்கள் குறைந்தார்கள், நம் ஆட்களும் குறைந்தார்கள். போன வருஷம் வேலையில் என் கடைசி நாள், மாலை போட்ட கழுத்தோடு ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். கிரேன் வேலையில் இரண்டு ஒடிசாக்காரர்கள். தொங்கிய அச்சுப் பெட்டி லேசாக ஆடியது. அச்சுக்குப் பக்கத்தில் நின்றவர் முஷ்டியை உயர்த்தி “ஆகு!” என்றார். பட்டன் பெட்டியைப் பிடித்திருந்தவர் “ஆகு!” என்று திருப்பிச் சொன்னார். பெட்டி அந்தரத்தில் நின்றது. முஷ்டியை உயர்த்தியவரின் கிட்டப் போய், இது என்ன மொழி என்று கைஜாடையும் அரைகுறை இந்தியுமாகக் கேட்டேன். அவர் என்னை அசடு என்று நினைத்திருப்பார். “தமில் ஹை, அங்கிள்” என்றார். மேஸ்திரி மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் இன்னொரு முள் சிக்கியிருக்கும். எங்கே போய்த் தலையைப் புதைக்கலாம் என்று என்னை ஸ்டேஷன்வரை துரத்திய அந்த வார்த்தை, யாருடையது என்றே தெரியாமல், இன்றைக்கு அங்கே யாரோ ஒருத்தரின் காலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அந்த மாலையைவிட எனக்கு அதுதான் பெரிதாகப்பட்டது. வீட்டுக்கு வந்து சொல்ல நினைத்தேன். நீ புதிதாக சூப்பர்வைசர் ஆன சந்தோஷத்தில் இருந்தாய். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நீ அங்கே போய் ‘கல்’லை வைத்து என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் செய்ய முடியாமலும் போகலாம். எல்லோருக்கும் ஒரு மேஸ்திரி கிடைப்பார் என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் நேற்று உன் போன் சார்ஜுக்காகக் கீழே கிடந்தபோது லைனிலிருந்து யாரோ ஒரு பெண் கூப்பிட்டாள். “தீதி கப் ஆயேகி?” என்று கேட்டிருக்கிறாள், அக்கா எப்போது வருவாள் என்று. எடுத்தது உன் அம்மா. அவளுக்குத் தெரிந்த இந்தி இந்த வீட்டில் இத்தனை நாளாகக் கேட்கிற ஒரே வார்த்தைதான். “கல்! கல்!” என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். நேற்றே வந்துவிட்டாய் என்று புரிந்துகொண்டார்களோ, நாளைக்கு வருவாய் என்று காத்திருக்கிறார்களோ. அதை நீதான் போய்ச் சரிபண்ண வேண்டும். எங்களால் ஆகாது.

திங்கட்கிழமை காலையில் அம்மா கேரியர் கட்டி வைப்பாள். அதே கேரியர்தான், ஒரு அடுக்கு நசுங்கியிருக்கும், பரவாயில்லை. நான் கேட்டைத் திறந்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு மாடியைப் பார்த்தபடி நிற்பேன். நீ என்ன முடிவு எடுத்தாலும் சரி, முகம் கோணமாட்டேன், திருவள்ளூர் என்றாலும் நானே கொண்டுபோய் விடுகிறேன். ஒரு விளக்கமும் வேண்டாம். மேலேயிருந்து ‘ஆகு’ என்று ஒரு குரல் கொடு, போதும். தமிழ் ஆகு என்றால் பஸ்ஸுக்கு விடுவேன், தெலுங்கு ஆகு என்றால் வண்டியை நிறுத்திவிடுவேன். எந்த பாஷையில் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடு, கண்ணு. நான் ஏற்கெனவே ஒருமுறை தப்பாகக் கேட்டவன்.

உன் நைனா